பழைய வெள்ளி ரூபாய்: எடைக்குப் போடுவதா, காசாக விற்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளி விலை ஏறினால் எனக்கு போன் அதிகமாக வரும். காரைக்குடியைச் சுற்றி எந்தப் பெரிய வீட்டில் இரும்புப்பெட்டியைத் திறந்தாலும் அடியில் ஒரு துணி முடிப்பு கிடக்கும், அதில் ராணி தலையோ ராஜா தலையோ போட்ட ரூபாய்கள் இருக்கும். காசு சேர்க்கிற பழக்கம் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் இருப்பதால் சொந்தக்காரர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஐயா பெட்டியில் எழுபது, எண்பது வெள்ளி ரூபாய் இருக்கிறது. வெள்ளி விலைக்கு மேல் போகுமா?

பெரும்பாலும் போகாது. ஏமாற்றமாக இருக்கும், ஆனால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நம் பக்கத்துப் பெட்டிகளில் கிடைப்பதில் பெரும்பகுதி ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், அதிலும் 1912 முதல் 1920 வரை. அவை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. 1918ஆம் வருடத்தில் மட்டும் கல்கத்தா, பம்பாய் இரண்டு நாணய அச்சகமும் சேர்ந்து நாற்பது கோடிக்கு மேல் ரூபாய் அடித்தன. நாற்பது கோடி இருந்த காசில் ஒன்று உங்களிடம் இருக்கிறது, அதுவும் கை மாறி மாறித் தேய்ந்து ராஜாவின் தாடி மழுங்கிப் போய் இருக்கிறது என்றால், அதற்கு எடைக்கு மேல் யார் தருவார்கள்?

ஆனால் "பெரும்பாலும்" என்றுதான் சொன்னேன். எண்பதில் இரண்டோ மூன்றோ வேறு மாதிரி இருக்கலாம். அந்த இரண்டு மூன்றை எடுத்து வைத்துவிட்டு மீதியை எடைக்குப் போடுவதுதான் முறை. மொத்தமாகத் துணியோடு தூக்கிக்கொண்டு நகைக்கடைக்குப் போவது முறையில்லை.

ஒரு வெள்ளி ரூபாயில் உண்மையில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது?

1835இல் கம்பெனி அரசு இந்தியா முழுக்க ஒரே ரூபாய் என்று கொண்டுவந்ததிலிருந்து எடை மாறவில்லை: 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. வெள்ளியின் தரம் 91.7 சதவீதம். அப்படியானால் சுத்த வெள்ளி 10.69 கிராம். எட்டணா சரியாக அதில் பாதி, 5.83 கிராம் எடை. நாலணா 2.92, ரெண்டணா 1.46. தரம் எல்லாவற்றுக்கும் அதே 91.7.

எங்கள் அப்பத்தா இதையெல்லாம் கிராமில் யோசித்ததே இல்லை. மூன்று ரூபாய் வைத்தால் ஒரு பலம், இருபத்துநாலு ரூபாய் ஒரு சேர், அவ்வளவுதான். மருந்துச் சாமான் நிறுக்கத் தராசுத் தட்டில் படிக்கல்லுக்குப் பதில் ரூபாயைத்தான் வைப்பார். நாட்டு மருந்துக் குறிப்புகளில் "ரூபாய் எடை" என்று வருவதும் இந்த 11.66 கிராம்தான்.

கணக்கு ரொம்ப எளிது. காசை நிறுங்கள், 0.917ஆல் பெருக்குங்கள், அன்றைய கிராம் விலையால் பெருக்குங்கள். பேச்சுக்குக் கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் தேயாத ஒரு ரூபாய்க் காசு 1,069 ரூபாய்க்கு வெள்ளி. தேய்ந்து 11.4 கிராமுக்கு வந்திருந்தால் 1,045. ஒரு காசில் இது பெரிய வித்தியாசம் இல்லை, எண்பது காசில் உண்டு. அதனால் எண்ணிக்கையைச் சொல்லி விலை பேசாதீர்கள், எடையைச் சொல்லிப் பேசுங்கள்.

எல்லா வருடத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா?

பொருந்தாது. எங்கள் பக்கம் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், அதுவும் வெளியாளிடம் இல்லை, வீட்டுக்குள்ளேயே.

இரண்டாம் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்ததும் 1940இல் தரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1940 முதல் 1945 வரையிலான ரூபாய் 50 சதவீதம்தான் வெள்ளி, மீதியில் 40 செம்பு, ஐந்து நிக்கல், ஐந்து துத்தநாகம். எடை அதே 11.66. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, சுத்த வெள்ளி மட்டும் 5.83 கிராம். அடையாளம் விளிம்பில் இருக்கிறது. பழைய ரூபாயில் விளிம்பு முழுக்க நேர்க்கோடாகப் பல்பல்லாக இருக்கும், 1940க்குப் பிறகு வந்ததில் விளிம்பின் நடுவில் ஒரு பள்ளம் ஓடும், அதற்குள் பொடி வேலைப்பாடு இருக்கும். தேய்ந்த காசென்றால் மேடான இடங்களில் இலேசாக மஞ்சளோ சிவப்போ தட்டும்.

1946, 47இல் வந்த எட்டணா, நாலணாவும் 1947இல் வந்த ரூபாயும் இன்னும் மோசம், அவற்றில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். 1947 ரூபாயில் பின்பக்கம் புலி நடந்து போகும், அழகான காசு, ஆனால் காந்தத்தை வைத்தால் ஒட்டும். போரின்போது அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது, அதற்காகத்தான் வெள்ளியைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டு நிக்கலை விட்டார்கள்.

சரி, வீட்டுக்குள் ஏமாறுவது எப்படி? பாகம் பிரிக்கும்போது. எங்கள் உறவில் ஒரு வீட்டில் நூற்றிருபது ரூபாய்க் காசை இரண்டு புள்ளிக்கு, அதாவது இரண்டு குடும்பத்துக்கு, ஆளுக்கு அறுபது என்று எண்ணிக் கொடுத்தார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை, எல்லோருக்கும் திருப்தி. பிறகு பார்த்தால் ஒருவர் பங்கு அநேகமாக முழுக்க 1918, 1919. இன்னொருவர் பங்கு முழுக்க 1943, 44. முதல் முடிப்பில் 641 கிராம் சுத்த வெள்ளி, இரண்டாவதில் 350. கிட்டத்தட்ட முந்நூறு கிராம் வித்தியாசம்! யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, இரண்டு துணி முடிப்பு இருந்தது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு கொஞ்சம் குறைந்துதான் போனது. பங்கு வைக்கும்போது 1940க்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலையும் தனித்தனியாக நிறுத்துப் பங்கு போடுங்கள்.

எந்தக் காசை எடுத்து வைக்க வேண்டும்?

வருடம்தான் முதலில். எல்லாப் பட்டியலையும் இங்கே கொட்டப்போவதில்லை, நம் பெட்டிகளில் வரக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

1835 வில்லியம் ராஜா ரூபாய், 1840 விக்டோரியா ரூபாய் இரண்டும் கம்பெனிக் காலத்துக் காசு. தேய்ந்திருந்தால்கூட எடைக்குப் போட வேண்டாம். 1840 என்ற தேதியை இருபது வருடத்துக்கு மேல் மாற்றாமலே அடித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் 1840 என்றால் 1840இல் அடித்தது என்று அர்த்தமில்லை. 1862 விக்டோரியாவும் அதே கதை. 1874 வரைக்கும் 1862 என்றே போட்டு, பின்பக்கம் சிறு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். புள்ளிக் கணக்கைப் பார்த்து வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், அது தனி உலகம். சாதாரண 1862 தேய்ந்திருந்தால் எடைக்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான்.

1911. இது எல்லோரும் கேட்கிற "பன்றி ரூபாய்". ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு, 1911 அச்சில் அதன் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரித் தெரிந்ததால் சர்ச்சையாகி, காசை நிறுத்திவிட்டு 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். வெளியே போனது கொஞ்சம்தான், மீதியை உருக்கிவிட்டார்கள். அதனால் 1911 இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். வருடத்தைப் பாருங்கள், யானையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தேய்ந்த 1917 காசில் யானை பன்றி மாதிரிதான் இருக்கும், பூனை மாதிரிகூட இருக்கும்.

1922 இருந்தால் எடுத்து வையுங்கள், 1938 இருந்தாலும்.

அப்புறம் 1939. அந்த வருட ரூபாய் பழைய தரத்திலேயே அடித்தது, ரொம்ப அரிது. அரிது என்பதாலேயே, உங்கள் பெட்டியில் 1939 இருந்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன், முதலில் சந்தேகப்படுவேன். 1938இன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவது பழைய வேலை. அந்த ஒரு எண்ணை மட்டும் லென்ஸில் பாருங்கள்: சுற்றியுள்ள தரை, அதாவது உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றிடம், மற்ற இடம் மாதிரியே இருக்கிறதா, அங்கே மட்டும் மழுங்கியோ பளபளத்தோ இருக்கிறதா?

விக்டோரியா 1877க்குப் பிறகு உள்ள சாதாரண வருடங்கள், எட்வர்ட் ராஜா 1903 முதல் 1910 (கிரீடம் இல்லாத தலை, எங்கள் வீட்டில் மொட்டைத்தலை ராஜா என்போம்), ஜார்ஜ் 1912 முதல் 1920: இவற்றில் வருடம் பெரிதாக உதவாது, காசின் நிலைதான் பேசும்.

நிலை என்றால்? எங்கள் காசு நன்றாகத்தான் இருக்கிறது.

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கிரீடத்தில் உள்ள கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறதா? கன்னத்தில் காதுக்கு முன்னால் உள்ள மேட்டில் நிறம் மாறி வழவழவென்று இருக்கிறதா? அங்கியின் வேலைப்பாடு முழுதாக இருக்கிறதா? சாய்க்கும்போது காசின் தரையில் ஒளி சக்கரம் மாதிரிச் சுழன்று வருகிறதா? இந்தச் சுழல் ஒளி இருந்தால் புழக்கத்துக்கே போகாமல் முடிப்பிலேயே தூங்கிய காசாக இருக்கலாம். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த பணம் நேராகப் பெட்டிக்குள் போன வீடுகளில் இப்படிக் கிடைப்பது உண்டு. அந்த மாதிரி ஒரு சாதாரண 1918க்குக்கூட வெள்ளி விலையைவிட நல்ல தொகை தருகிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

அப்படி இல்லாமல், பார்க்க நன்றாக இருக்கிறது என்கிற அளவில் உள்ள காசுதான் நூற்றுக்குத் தொண்ணூறு. அது எடைக்குத்தான்.

காட்டுவதற்கு முன்னால் சுத்தம் செய்து வைக்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

இதை நான் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பட்டாலையில் பழைய வேட்டியை விரித்து வெள்ளிச் சாமான் எல்லாவற்றையும் இறக்குவார்கள், குத்துவிளக்கு, பன்னீர்ச்செம்பு, சந்தனக்கும்பா. அப்பத்தா கையில் விபூதியை எடுத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார், கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஒரு வருடம் சாமான் முடிந்ததும் முடிப்பை அவிழ்த்துக் காசுகளையும் தேய்த்துவிட்டார். எனக்கு அப்போது பதினான்கு வயது, நானும் கூட உட்கார்ந்து தேய்த்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது, கட்டை விரலால் வட்டம் வட்டமாக. அதில் ஒன்று 1911.

பல வருடம் கழித்து அதை ஒரு காசு வியாபாரியிடம் காட்டினேன். அவர் லென்ஸைக் கண்ணில் வைத்து ஒரே பார்வை, "தேய்ச்சிருக்கீங்களே" என்றார். எப்படித் தெரியும் என்றால் லென்ஸை என்னிடமே கொடுத்தார். ராஜாவின் கன்னத்தில் மயிரிழைக் கோடுகள், வட்டம் வட்டமாக, என் கட்டை விரல் போன வழியில். நல்ல நிலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்க வேண்டியதில் பாதிகூட அவர் சொல்லவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, கோடு போட்டது நான்.

கறுப்பு, சாம்பல், நீலம், சில சமயம் ஓரத்தில் வானவில் மாதிரி நிறம் எல்லாம் வெள்ளி காற்றோடு சேர்ந்து தானாகப் பிடித்தவை. சேகரிப்பவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். புளி, பல்பொடி, சோடா உப்பு, கடையில் விற்கிற டிப் திரவம் எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். எடைக்குப் போடப்போகிற காசென்றால் கழுவினாலும் ஒன்றுதான், கழுவாவிட்டாலும் ஒன்றுதான், கடைக்காரர் எடை போட்டு உருக்கத்தான் போகிறார்.

உண்மையான வெள்ளிதானா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

முதலில் காந்தம், ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று அர்த்தமில்லை, ஈயமும் செம்பும்கூட ஒட்டாது. அடுத்தது எடை. இரண்டு தசமம் காட்டுகிற சின்ன மின்தராசு இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ரூபாய் 11.66க்கு மேல் காட்டினாலோ 11க்குக் கீழே போனாலோ நின்று யோசியுங்கள்.

பழைய ஆட்கள் பளிங்குத் தரையில் சுண்டிப் பார்ப்பார்கள். நல்ல ரூபாய் "ணங்" என்று நீண்டு ஒலிக்கும், வார்த்த கள்ளக்காசு "டொக்" என்று செத்துவிடும். எனக்கும் பிடித்த முறைதான், ஆனால் நல்ல நிலையில் உள்ள காசை இப்படிச் சுண்டாதீர்கள், விளிம்பில் அடிபடும்.

நான் நம்புவது தண்ணீர் முறை. தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டுகிற எண்ணால் காசின் எடையை வகுங்கள். தேயாத 91.7 தர ரூபாய் என்றால் தராசு 1.13 கிராம் காட்டும், வகுத்தால் 10.3 வரும். 1940க்குப் பிந்தின பாதி வெள்ளி என்றால் ஒன்பதரை. ஒன்பதுக்குக் கீழே என்றால் அது செம்பும் பித்தளையும்தான்.

நகைக்கடையில் உள்ள எக்ஸ்ரே இயந்திரமும் நல்லதுதான், ஆனால் அது மேல் தோலை மட்டும் படிக்கும். முலாம் பூசியது அதில் தப்பிவிடலாம்.

நகைக்கடையில் கொடுத்தால் ஏன் கணக்குப்படி வருவதில்லை?

மூன்று இடத்தில் கழிக்கிறார்கள். ஒன்று, தரம். "பழைய ரூபாய்தானே, எண்பது டச் போடுறேன்" என்பார்கள். டச் என்றால் நூற்றில் எத்தனை பங்கு வெள்ளி என்பது. 91.7 என்பது அரசு அச்சகம் வைத்த தரம், காசு நல்ல காசென்றால் அதில் எண்பதுக்கு இடமே இல்லை. எனக்கே ஒருமுறை இது நடந்தது. பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் நாற்பது காசைக் கொட்டி எண்பது என்று போட்டுவிட்டார்கள், நான் இயந்திரத்தில் வைக்கச் சொன்னதும் இயந்திரம் பழுது என்றார்கள். அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது, உருக்குக் கூலியும் சேதாரமும். மூன்றாவது, அன்றைய விலைக்கும் அவர்கள் வாங்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. பின்னது இரண்டும் வியாபாரம், ஓரளவு நியாயம்தான். முதலாவதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடைக்குள் நுழைந்ததும் "என்ன விலை தருவீங்க" என்று கேட்காதீர்கள், "எத்தனை டச் போடுவீங்க" என்று கேளுங்கள், ஆளே வேறு மாதிரிப் பேசுவார்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளி மலிவாக இருந்த நாட்களில் சாதாரண ஜார்ஜ் ரூபாய்க்கு எடையை விடக் காசு வியாபாரி அதிகம் தருவார். வெள்ளி கிடுகிடுவென்று ஏறினால், சேகரிப்பவர்களின் விலை அந்த வேகத்தில் ஏறாது, உருக்குகிற விலை வந்து அதைத் தொட்டுவிடும், சில சமயம் தாண்டியும் போகும். அப்போது சாதாரணக் காசைச் சேகரிப்பாளருக்கு விற்பதும் பத்தருக்குப் போடுவதும் ஒன்றுதான். நல்ல காசை மட்டும் அந்த நேரத்தில் அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். உருகியது திரும்ப வராது.

பினாங்கு, சைகோனிலிருந்து வந்த பெரிய வெள்ளிக் காசுகள் இருக்கின்றன. அதற்கும் இதே கணக்கா?

கணக்கு அதேதான், எண்கள் வேறு. நம் ஆட்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது இந்திய ரூபாய்தான், அங்கே அதுதான் ஓடியது. மலாயாவிலிருந்து வந்தது டாலர். திரிசூலமும் கேடயமும் பிடித்து ஒரு பெண் நிற்கிற டாலர், பின்பக்கம் சீன எழுத்தும் மலாய் எழுத்தும் இருந்தால் அது பிரிட்டிஷ் வணிக டாலர். 26.95 கிராம், 90 சதவீதம், சுத்த வெள்ளி 24.25 கிராமுக்கு மேல். ராஜா தலை போட்ட ஸ்ட்ரெயிட்ஸ் டாலரில் கவனம் வேண்டும்: 1903, 1904இல் அதே எடை, 1907இல் 20.21 கிராமாகக் குறைத்தார்கள், 1919, 20இல் இன்னும் குறைத்து 16.85 கிராம், தரமும் பாதி. பார்க்க எல்லாம் டாலர்தான், முதலாவதில் 24 கிராம் வெள்ளி, கடைசியில் எட்டரைகூட இல்லை.

சைகோன் பியாஸ்தர் எனக்கு ரொம்பப் பிடித்த காசு, ஏனென்றால் தரம் 0.900, எடை 27 கிராம் என்று தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது. உட்கார்ந்திருக்கிற பெண் உருவம் ஒரு பக்கம்.

இந்தப் பெரிய காசுகளில் சாதாரண வருடத்துக்கே சேகரிப்பாளர் விலை உண்டு, உலகம் முழுக்க வாங்குகிறார்கள். அதே காரணத்தால் போலியும் மலிந்து கிடக்கிறது. குடும்பப் பெட்டியில் மூன்று தலைமுறையாக இருந்தது என்றால் பெரும்பாலும் பயமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகளிலோ வேறெங்கோ வாங்கினது என்றால் தண்ணீர் முறையைச் செய்து பாருங்கள். மேலே சின்னச் சின்னச் சீன முத்திரை குத்தியிருந்தால் பதற வேண்டாம், அங்கத்திய வியாபாரிகள் சரிபார்த்துக் குத்தியது. விலை கொஞ்சம் இறங்கும், ஆனால் அதையே தேடி வாங்குகிற ஆளும் உண்டு.

காசுமாலையிலிருந்து எடுத்த காசு? ஓட்டை போட்டது, வளையம் பற்றவைத்தது?

எடைக்குத்தான். பற்றாசு தரம் குறைந்த உலோகம் என்பதால் அதற்கும் சற்றுக் கழிப்பார்கள். மாலை முழுதாக இருந்தால் மட்டும் பிரிக்காதீர்கள், காசாக இல்லாவிட்டாலும் பழைய நகையாக அதற்கு விலை வேறு.

1969 காந்தி பத்து ரூபாய், 1972 பத்து ரூபாய் எல்லாம்?

காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் 15 கிராம், 80 சதவீதம், ஆக 12 கிராம் வெள்ளி. 1972இல் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு வந்தது 22.5 கிராம், 50 சதவீதம், ஆக 11.25 கிராம். காந்தி காசு சின்னதாக இருந்தாலும் வெள்ளி அதிலேதான் அதிகம். புழக்கத்துக்கு விட்டது எடைக்கு, அச்சகப் பெட்டியோடு பளபளப்பாக இருப்பது எடைக்கு மேல். 1964 நேரு ரூபாயைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்கு: அது நிக்கல்.

கம்பெனிக் காசு, 1616, 1717, 1818 என்று போட்டிருக்கிறது, அனுமார், ராமர் பட்டாபிஷேகம் எல்லாம் இருக்கிறது. லட்சக்கணக்கில் போகுமாமே?

போகாது. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. பிற்காலத்தில் பூஜைக்கும் வேடிக்கைக்கும் செய்து விற்ற வில்லைகள் அவை. பூஜை அறையில் வையுங்கள், நன்றாக இருக்கும்.

இதே வரிசையில் "1885 ரூபாய்க் காசு பத்துக் கோடிக்கு விற்றது" என்று வாட்ஸாப்பில் வருமே, அதை நம்பி யாருக்கும் முன்பணம், பதிவுக் கட்டணம், கமிஷன் என்று அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதாக ஏமாற்றுகிறார்கள் என்று 2021இல் வங்கியே எச்சரித்தது. உங்கள் காசை வாங்குகிறவன் உங்களுக்குத்தானே பணம் தர வேண்டும், உங்களிடம் ஏன் கேட்கிறான்?

வீடு இடிக்கும்போது சுவருக்குள் கிடைத்தால்?

நம் பக்கம் பழைய வீடுகளைக் கழற்றுவது நடந்துகொண்டே இருப்பதால் இதைக் கேட்கிறார்கள். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள் மட்டுமில்லை, மண்ணோடு சேர்ந்த கட்டடத்துக்குள் மறைத்து வைத்திருந்தாலும் அது புதையல்தான், பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பெட்டியில் வழிவழியாக வந்த முடிப்பு வேறு, சுவரில் அகப்பட்ட கலயம் வேறு. இரண்டாவதை வேலையாட்களோடு பங்கு போட்டுவிட்டுப் பிறகு என்னிடம் கேட்காதீர்கள்.

சிங்கப்பூரில் இருக்கிற மகனுக்குப் பத்துக் காசு கொடுத்தனுப்பலாமா?

நூறு வருடமான காசு சட்டப்படி தொல்பொருள், 1972ஆம் வருடச் சட்டம் அது. தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1918ஐ இங்கேயே வைத்துவிட்டு அவன் ஊருக்கு வரும்போது காட்டுங்கள்.

போட்டோ அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

சொல்வேன், ஆனால் துணியில் குவித்து வைத்து மேலிருந்து ஒரே படமாக எடுத்து அனுப்பாதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. வருடவாரியாகப் பிரியுங்கள். 1940க்குப் பிந்தினதைத் தள்ளி வையுங்கள். மேலே சொன்ன வருடங்களும், தேயாமல் இருப்பவையும் மட்டும் போதும், காலை வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், இரண்டு பக்கமும், விளிம்பு ஒரு படம், தராசில் வைத்து எண் தெரிகிற மாதிரி ஒரு படம். காசை விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் வைக்காதீர்கள். விபூதி டப்பா பக்கத்தில் இருந்தால் உள்ளே எடுத்து வைத்துவிட்டு உட்காருங்கள்.